ஒரு புள்ளிக்கு என்ன நியாயம்?

எங்கள் ஊரில் ஸகாத் நிதியின் ஒரு பகுதியை ஒதுக்கி, உயர்தரம் படிக்கும் வறிய பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கும் வழக்கம் உண்டு. விண்ணப்பங்களைப் பார்த்துப் புள்ளியிடும் வேலை ஆசிரியர்கள் என்ற வகையில் என்னிடமும் இன்னும் இருவரிடமும் வந்து சேர்ந்தது. சில வருடங்களுக்கு முன்பு நான்கு பேருக்குக் கொடுக்கத்தான் பணம் இருந்தது. விண்ணப்பங்களோ பத்தொன்பது. சாதாரண தரப் பெறுபேறு, குடும்ப வருமானம், வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை என்றெல்லாம் தலைப்புப் போட்டு நூற்றுக்குப் புள்ளியிட்டோம். நான்காவது பிள்ளைக்கு 71, ஐந்தாவது பிள்ளைக்கு 70. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். விண்ணப்பக் கடிதம் தெளிவாக எழுதப்பட்டிருந்தமைக்காக என் கையாலேயே இட்ட புள்ளி அது. ஐந்தாவது பிள்ளை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் ஒரு புடைவைக் கடைக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் அவனுடைய விண்ணப்பம் வரவில்லை.

இந்தச் சிறு விஷயத்தை இவ்வளவு காலம் நான் எவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், மருத்துவ பீடத்தில் படிக்கும் எனது பழைய மாணவி ஒருத்தி அனுப்பிவைத்த சில ஆய்வுக் கட்டுரைகள்தாம். அரசாங்கங்கள் சுகாதார விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் முறை பற்றியவை அவை. எனக்கும் அந்தத் துறைக்கும் வெகுதூரம். ஆனால் வாசிக்க வாசிக்க, எங்கள் பள்ளிவாசல் மண்டபத்தில் மூன்று பேர் இருந்து செய்த காரியத்தையே உலகின் மிகப் பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிதியமும் செய்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. எங்கள் தவறையும் சேர்த்துத்தான்.

ஐக்கிய அமெரிக்காவில் மேரிலண்ட் மாநிலத்தின் பெத்தெஸ்டா என்ற ஊரில் 'தேசிய சுகாதார நிறுவனங்கள்' என்ற அரச அமைப்பு இருக்கிறது. சுருக்கமாக என்.ஐ.எச். என்பார்கள். 2024ஆம் நிதியாண்டில் அதன் வரவுசெலவு ஏறத்தாழ 4,700 கோடி டொலர். இதில் பெரும்பகுதி நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் மானியமாகப் போகிறது. இன்று நம் வைத்தியசாலைகளில் நாம் விழுங்கும் பல மருந்துகளின் மூல ஆராய்ச்சி எங்கோ ஓரிடத்தில் இந்தப் பணத்தைத் தொட்டிருக்கிறது. ஆகவே இது அமெரிக்காக்காரனின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கொடுக்கும் முறை இதுதான். ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் எழுதுகிறார். அதே துறையைச் சேர்ந்த அறிஞர்கள் குழுவாக அமர்ந்து மதிப்பிடுகின்றனர். பொதுவாக மூன்று பேர் ஒரு விண்ணப்பத்தை முன்கூட்டியே ஆழ்ந்து வாசித்து 1 முதல் 9 வரை புள்ளியிடுவர். அங்கே 1தான் சிறந்தது. எங்கள் பாடசாலைக் கணக்குக்கு இது தலைகீழ். ஏறத்தாழ அரைவாசி விண்ணப்பங்கள் கூட்டத்தில் பேசப்படாமலே விழுந்துவிடும். மீதியைப் பேசி, எல்லோரும் புள்ளியிட்டு, சராசரி எடுத்து வரிசைப்படுத்துவர். பணம் முடியும் இடத்தில் பல காலமாக ஒரு கோடு விழுந்து வந்தது. நம் நாட்டில் வெட்டுப்புள்ளி என்று சொல்கிறோமே, அதுதான்.

இந்த முறையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மதிப்பிடுபவர்கள் தம் சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்கிறார்கள். தகுதியில்லாதது தகுதியுள்ளதை முந்திவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு. அதைக் கேலி செய்ய எனக்கு அருகதையில்லை. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதும் சற்றுக் கீழே இருப்பதும் உண்மையில் வேறுவேறானவையா?

2018இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். ஏற்கெனவே என்.ஐ.எச். பணம் கிடைத்திருந்த, புற்றுநோய் சம்பந்தமான 25 விண்ணப்பங்களை எடுத்து, 43 மதிப்பீட்டாளர்களைக் கொண்டு, நிஜக் குழுவைப் போலவே அமரவைத்து மதிப்பிடச் செய்தனர். ஒரே விண்ணப்பத்தை வாசித்த இருவருக்கிடையில் இருந்த உடன்பாடு, வெவ்வேறு விண்ணப்பங்களை வாசித்த இருவருக்கிடையில் இருந்ததை விடக் கூடுதலாக இல்லை. அதாவது உடன்பாடே இல்லை. ஒருவருக்குப் பலமாகத் தெரிந்தது மற்றவருக்குப் பலமாகத் தெரியவில்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அநியாயம். அந்த 25உம் நல்ல விண்ணப்பங்கள். நல்லதையும் மோசமானதையும் பிரித்தறியும் ஆற்றல் மதிப்பீட்டாளர்களுக்கு இல்லை என்று அந்த ஆய்வு காட்டவில்லை. 2015இல் லி, ஆகா என்ற இரு பொருளியலாளர்கள் 1980 முதல் 2008 வரையிலான 1,30,000க்கு மேற்பட்ட என்.ஐ.எச். மானியங்களை ஆராய்ந்து, நல்ல புள்ளி பெற்றவை பிற்காலத்தில் கூடுதல் பயன் தந்திருக்கின்றன என்று காட்டினார்கள். மறுவருடம் ஃபாங், போவன், கஸடெவால் ஆகிய மூவர் அதே தரவுகளிலிருந்து முன்வரிசை விண்ணப்பங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அந்த எல்லைக்குள் புள்ளிக்கும் பிற்பாடு வந்த பலனுக்கும் இருந்த தொடர்பு மிகவும் மெலிந்திருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டுரை திருத்தியவன் என்ற வகையில் இது எனக்குப் புதினமாக இருக்கவில்லை. நாற்பது தாள்களில் ஆகச் சிறந்த இரண்டைச் சொல்லுவேன். கரைசேராத எட்டையும் சொல்லுவேன். நடுவில் இருக்கும் பதினைந்தை இன்று திருத்தினால் ஒரு வரிசை, பகலுணவுக்குப் பிறகு திருத்தினால் வேறொரு வரிசை. இது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். எவரும் வெளியில் சொல்வதில்லை, சொன்னால் பெற்றோர் முகத்தில் விழிக்க முடியாது.

ஒரு புள்ளி தற்செயலாக விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது ஒரு தடவையோடு முடிந்துவிட்டால் பாதகமில்லை. முடிவதில்லை என்பதுதான் விஷயம். நெதர்லாந்தின் அரச ஆராய்ச்சி நிதியத்தில், எல்லாத் துறைகளையும் சேர்ந்த இளம் ஆய்வாளர்களுக்கான மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களும் சற்றுக் கீழே விழுந்தவர்களும் தகுதியில் ஏறத்தாழ ஒன்றுதான். அடுத்து வந்த எட்டு வருடங்களில் மேலே இருந்தவர்கள் பெற்ற ஆராய்ச்சிப் பணம் மற்றவர்கள் பெற்றதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதிக்கு ஆய்வாளர்கள் கண்ட காரணம், தோற்றவர்கள் திரும்ப விண்ணப்பிக்கக் குறைவாகவே வந்தார்கள் என்பது. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். புடைவைக் கடைப் பையனின் முகம் வந்து நின்றது.

என்.ஐ.எச். விண்ணப்பதாரிகளிடையேயும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி, மயிரிழையில் தோற்ற இளம் ஆய்வாளர்களில் ஒரு பங்கினர் அந்த அமைப்பின் பதிவேடுகளிலிருந்தே நிரந்தரமாக மறைந்துபோனார்கள். வெற்றிபெற்றவர்களை விட அவர்கள் மறைவதற்கான சாத்தியம் பத்து வீதத்துக்கு மேல் அதிகம். விடாமல் நின்றவர்களோ பிற்காலத்தில் மயிரிழையில் வென்றவர்களை மிஞ்சிய வேலை செய்தார்கள். இந்த இரண்டாம் பாதியை மட்டும் எடுத்து 'தோல்வியே வெற்றியின் முதற்படி' என்று பரிசளிப்பு விழாவில் பேசுபவர்கள் முதற் பாதியை வாசிக்க வேண்டும்.

சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் 1968லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். உள்ளவனுக்கே மேலும் சேரும் என்று பொருள்படும் பைபிள் வாசகம் ஒன்றை வைத்து 'மத்தேயு விளைவு' என்றார். பணம் கிடைத்தவன் ஆய்வு செய்கிறான், ஆய்வு செய்தவனுக்குப் பெயர் வருகிறது, பெயர் உள்ளவனுக்குப் பணம் கிடைக்கிறது. 2017இல் என்.ஐ.எச். தானே வெளியிட்ட கணக்கின்படி, மானியம் பெறுவோரில் 10 வீதத்தினர் நிதியில் 40 வீதத்துக்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தனர். அதே வருடம் மே மாதத்தில், ஒருவர் ஏககாலத்தில் வைத்திருக்கக்கூடிய மானியங்களுக்கு உச்சவரம்பு ஒன்றை அறிவித்தார்கள். பெரிய ஆய்வுகூடங்களிலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. ஜூனில் அந்த யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக இளையோருக்கெனத் தனி நிதி ஒதுக்கும் திட்டமொன்று வந்தது. இளையோரின் நிலை என்னவென்றால், என்.ஐ.எச்.இன் பிரதான மானியத்தைப் பெறும் ஆய்வாளர்களில் 36 வயதுக்கு மேற்படாதோர் 1983இல் 18 வீதம், 2010இல் 3 வீதம்.

பணத்தைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். 1998க்கும் 2003க்கும் இடையில் என்.ஐ.எச். நிதி இரட்டிப்பானது. பல்கலைக்கழகங்கள் புதிய கட்டிடம் எழுப்பின, ஆட்களைச் சேர்த்தன, விண்ணப்பங்கள் குவிந்தன. முன்பு மூன்றில் ஒன்றுக்குக் கிட்டிய வெற்றி பிறகு ஐந்தில் ஒன்றுக்கு இறங்கியது. பந்தி பெருத்தது, பசி அதைவிடப் பெருத்தது.

எங்கள் மார்க்கச் சட்ட நூல்களில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. குர்ஆ. (அச்சுக்கோப்பவர் தயவுசெய்து ஒரு 'ன்' சேர்த்துவிட வேண்டாம்.) சீட்டெடுத்தல் என்று தமிழில் சொல்லலாம். உரிமை சமமாக இருக்கும்போது, ஒருவரைத் தெரிவதற்குக் காரணம் எதுவும் இல்லாதபோது, மனிதன் தன் விருப்பத்தைக் காரணமாக வேடமிட்டுக் காட்டாமல் சீட்டுப் போட வேண்டும். மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல்களை எறிந்து தீர்மானித்த சம்பவமும், யூனுஸ் (அலை) அவர்கள் இருந்த கப்பலில் சீட்டுக் குலுக்கிய சம்பவமும் குர்ஆனில் சொல்லப்பட்டுள்ளன. நபி (ஸல்) அவர்கள் பிரயாணம் போகும்போது மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று சீட்டெடுத்ததாக ஹதீஸில் உண்டு. சொத்துப் பிரிக்கும்போது சமமான பங்குகளை யாருக்கு எது என்று ஒதுக்க ஷாபிஈ மத்ஹபில் குர்ஆ பயன்படுகிறது.

நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013 முதல் ஒருவகை மானியத்தை இப்படித்தான் கொடுத்து வந்திருக்கிறது. புதுப் பாதையில் துணிந்து போகும் ஆய்வுகளுக்கான மானியம் அது. குழு பெயர் தெரியாமல் விண்ணப்பத்தை வாசிக்கும். யோசனை மெய்யாகவே புதியதா, செய்யக்கூடியதா என்று மட்டும் பார்க்கும். தேறியவை அனைத்தும் குலுக்கலுக்குப் போகும். சுவிட்சர்லாந்தின் தேசிய விஞ்ஞான நிதியமும், கோட்டருகே பிரிக்கமுடியாமல் நிற்கும் விண்ணப்பங்களுக்குச் சீட்டெடுக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. அங்கேயும் முதலில் அறிஞர்கள் தரம் பார்க்கிறார்கள். கண் மங்கும் இடத்தில்தான் சீட்டு வருகிறது.

இதை எங்கள் ஸகாத் குழுவில் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். குழுவில் மூத்தவரான ஹாஜியார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், ஸகாத் சல்லிய லொத்தர் மாதிரிக் குலுக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?"

அவர் கேட்டதில் நியாயமில்லாமலில்லை. சூதும் குர்ஆவும் தோற்றத்தில் அண்ணன் தம்பி. சூதில் ஒருவன் தன்னுடையதல்லாத ஒன்றைப் பணயம் வைத்துப் பறிக்கிறான். குர்ஆவில் சம உரிமையுள்ளவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்ற முடியாதபடி நிற்கிறார்கள். இதை விளக்கினேன். அவருடைய அடுத்த கேள்விதான் என்னை மடக்கியது. "அப்ப தீர்ப்புச் சொல்ற பொறுப்பு எங்கட கழுத்தில இருந்து இறங்கிடுமா? மறுமையில கேட்டா சீட்டுத்தான் செஞ்சது எண்டு சொல்லலாமா?"

சொல்ல முடியாது. அமானிதத்தைச் சீட்டின் தலையில் இறக்கிவைக்க இயலாது. சீட்டுப் போடும் முன்பு பாத்திரத்துக்குள் யாருடைய பெயர்கள் விழுந்தன என்பதற்கு நாம்தான் பொறுப்பாளிகள். இந்தச் சங்கடம் அமெரிக்க உதாரணத்தில் தெளிவாகத் தெரிகிறது.

2011இல் ஜின்தர் என்ற பொருளியலாளரும் அவரது சகாக்களும், கறுப்பின ஆய்வாளர்கள் என்.ஐ.எச். மானியம் பெறும் சாத்தியம் வெள்ளையரை விடப் 10 வீதப் புள்ளிகள் குறைவு என்று காட்டினர். கல்வி, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் சமப்படுத்திய பின்பும் இருந்த இடைவெளி அது. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு, அவர்கள் தெரிவுசெய்யும் தலைப்புகளே அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விளக்குகின்றன என்றது. கலங்களையும் மூலக்கூறுகளையும் ஆராய்வதை விட, மக்கள் கூட்டத்தின் சுகாதாரத்தை ஆராயும் விண்ணப்பங்களுக்கு அதிர்ஷ்டம் குறைவு. தன் சமூகத்தில் சீனி வியாதியால் கால் இழந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் அதைப் பற்றி ஆராய விரும்புகிறான். எந்தக் கேள்வி சிறந்த விஞ்ஞானம் என்ற எடைக்கல் வேறொருவர் வீட்டில் செய்யப்பட்டது. சீட்டுக் குலுக்கினால் இந்தக் குறை தீராது, தலைப்பு முதற்சுற்றிலேயே உதிர்ந்துவிட்டால் குலுக்க என்ன இருக்கிறது?

2025இல் இதன் வேறொரு முகமும் வெளிப்பட்டது. ஆட்சி மாற்றத்துக்குப் பின், ஏற்கெனவே தரம் பார்க்கப்பட்டு வழங்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான என்.ஐ.எச். மானியங்கள் இடைநடுவில் நிறுத்தப்பட்டன. இன, பால் ரீதியான சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுகள் அவற்றில் ஏராளம். வழக்குகள் நீதிமன்றம் ஏறின. மதிப்பீட்டாளரின் மங்கிய கண்ணைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கையில் அதிகாரி ஒருவரின் திறந்த கண் வந்து பட்டியலை வெட்டிவிட்டுப் போனது.

நம் நாட்டுக்கு இது எப்படி வந்து சேர்கிறது என்பதற்குப் பாம்புக்கடி ஒன்றே போதும். இலங்கையில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள், 30,000 நஞ்சேற்றங்கள், 464 மரணங்கள் என்று கணித்தது. வயல்காரரும் தோட்டத் தொழிலாளரும்தாம் பெரும்பாலும் கடிபடுபவர்கள். நாம் பல தசாப்தங்களாக நம்பியிருந்த விஷமுறிவு மருந்து இந்தியாவில் அங்குள்ள பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்பட்டு வருவது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கானது. நம் தோட்டங்களில் மிகுதியாகக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த அந்தச் சிறிய விரியனுக்கு அது உதவாது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் 2017இல்தான் சேர்த்தது. பெத்தெஸ்டாவில் எவ்வளவு நீதியாகச் சீட்டெடுத்தாலும், வரப்பில் நிற்பவனின் கால் அந்தப் பாத்திரத்துக்குள் போய் விழாது.

ஸகாத் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் என்று குர்ஆன் எண்ணிச் சொல்கிறது. அவர்களில் மிகத் தேவையுள்ள ஒரு வகையினருக்கே முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று வேறு இமாம்கள் அனுமதித்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபு அதை ஏற்கவில்லை. எத்தனை வகையினர் இருக்கின்றார்களோ அத்தனை வகைக்கும் போய்ச் சேர வேண்டும் என்றது. சிறு வயதில் மத்ரஸாவில் இதைக் கேட்டபோது வீண் சிரமம் என்று நினைத்தேன். இப்போது அதன் பின்னாலுள்ள எச்சரிக்கை புரிகிறது. கொடுப்பவன் கண்ணில் படும் தேவைதான் 'மிகத் தேவை'யாகத் தெரியும். கண்ணில் படாதவனுக்கும் ஒரு பங்கை முதலிலேயே வெட்டி வைக்காவிட்டால் அவன் முறை வரவே வராது. நம் பல்கலைக்கழக அனுமதியிலும் இந்த யோசனையின் சாயல் இருக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதைப் பற்றி எங்களுக்குள் எத்தனை சண்டை நடந்திருக்கும்! என்.ஐ.எச்.உம் 1993 முதல், மானியம் குறைவாகச் செல்லும் மாநிலங்களுக்கென்று தனித் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. மொத்தத்தில் அது சிறு துண்டுதான். கலிஃபோர்னியாவும் மாசசூசெட்ஸும் நியூயோர்க்கும் இன்னமும் பெரும்பங்கை அள்ளுகின்றன.

ஆக எனக்குள் இருப்பது ஒரு முடிவு, ஒரு தயக்கம். முடிவு என்னவென்றால், தகுதி பார்த்து வரிசைப்படுத்தும் முறை அது பார்க்கக்கூடிய தூரம்வரை போகட்டும், அதற்கப்பால் சீட்டுத்தான் நேர்மை. ஒரு புள்ளியால் தோற்றவனிடம் 'நீ தகுதியில் குறைந்தவன்' என்று பொய் சொல்வதை விட, 'நீங்கள் இருவரும் சமம், பணம்தான் ஒருவருக்கு' என்று சொல்வது மேல். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் மறுவருடம் விண்ணப்பித்திருப்பானோ என்னவோ. தயக்கம், நான் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டி என் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவேனோ என்பது.

சென்ற றமழானுக்கு முன்பு குழு கூடியது. ஹாஜியார் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. சீட்டுப் போடுவதென்றால், அதற்கு முன்னால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் விண்ணப்பம் போடாத மூன்று வீடுகளுக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்து நிரப்பி எடுத்து வர வேண்டும். எனக்குக் கிடைத்த மூன்று வீடுகளில் ஒன்று ஆற்றோரத்தில். தாய் மட்டும் இருந்தார். மகள் வகுப்பில் முதலாவது. எழுத வாசிக்கத் தெரியாததால் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார். படிவத்தை நானே நிரப்பினேன். கடிதத்துக்குப் புள்ளியிடும் தலைப்பை அதற்கு முந்திய கிழமைதான் நாங்கள் நீக்கியிருந்தோம்.